வறண்ட தலைமுடிக்கு வரப்பு அரப்பு

போன பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து வந்த மகள், பையை இறக்கி வைத்த கையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, என் தலையைத் தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். தேங்காய் நார் மாதிரி இருந்தது. நுனியெல்லாம் இரண்டாகப் பிளந்து, சீப்பு இறங்கவே மாட்டேன் என்றது. இடுப்பு வரைக்கும் வழுவழுவென்று தொங்கிய முடி அது. பியூட்டி பார்லரில் கெமிக்கல் போட்டு நேராக்கித் தருவார்களாம், 6,000 ரூபாய் ஆகுமாம். எங்கள் காட்டில் ஒரு போகம் எள்ளுக்கு ஆகும் செலவு அது.

அதே வாரத்தில்தான் என் அண்ணன் மரம் அறுக்கிற ஆளைக் கூட்டி வந்திருந்தார். தெற்கு வரப்பில் நின்ற மூன்று உசில மரங்களும் சொட்டுநீர்க் குழாய் போட இடைஞ்சல் என்றார். நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மரம் கீழே கிடந்தது. அதன் இலையை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் என் அமுச்சியின் ஞாபகம் வந்தது. எண்பது வயதிலும் மினுமினுத்த கூந்தல் அவருக்கு. கடைசி வரைக்கும் அரப்பைத் தவிர வேறெதையும் தலையில் போட்டதில்லை. உசில மரத்து இலைதானே அரப்பு!

"அண்ணா, மத்த ரெண்டையும் விட்ருங்க. குழாயை நாலடி தள்ளிப் போட்டுக்கலாம்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்தப் புரட்டாசி வரை எட்டு மாதம் நாங்கள் செய்து பார்த்ததையும், அதற்காகத் தேடித் தெரிந்துகொண்டதையும் நம் உழவர் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முடி ஏன் முரடாகிறது?

முடியின் வேர் மட்டும்தான் உயிருள்ளது. தோலுக்கு வெளியே நீளும் முடி, அறுத்துப் போட்ட வைக்கோல் மாதிரி உயிரற்றது. அதற்கு "ஊட்டம்" கொடுத்துப் பிழைக்க வைக்க யாராலும் முடியாது. இருப்பதைக் கெடாமல் பாதுகாக்கத்தான் முடியும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்று விளம்பரங்களில் இருந்து தப்பிக்கலாம்.

ஒவ்வொரு முடியின் மேலும் ஓலை வேய்ந்த கூரை மாதிரி மெல்லிய செதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். செதில் படிந்திருந்தால் வெளிச்சம் பட்டு மினுங்கும், கைக்கு வழுவழுப்பாக இருக்கும். செதில் எழும்பி நின்றால் வெளிச்சம் சிதறும். ஒரு முடியோடு இன்னொரு முடி சிக்கும். எழும்பிய செதில் வழியே காற்றில் உள்ள ஈரம் உள்ளே போகும்போது முடி உப்பிப் பறக்கும். மழைக்காலத்தில் தலை பரட்டையாக நிற்பது இதனால்தான்.

செதிலை எழுப்பிவிடும் காரணங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

முதல் காரணம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். அதில் சோப்புப் போட்டால் நுரை வராது, வெள்ளையாகத் திரியும். அந்தத் திரி முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். சோப்பின் காரத்தன்மையும் செதிலைத் தூக்கிவிடும்.

இரண்டாவது, தினமும் ஷாம்பூ. 1980-களில் பாக்கெட் ஷாம்பூ கிராமத்துப் பெட்டிக்கடைக்கு வந்து தொங்கிய பிறகுதான் நம் வீடுகளில் அரப்பும் சீயக்காயும் பரணுக்குப் போயின. நன்றாக நுரைக்கும் ஷாம்பூ அழுக்கோடு சேர்த்துத் தலையில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெயையும் வழித்துவிடும். வாரம் இரண்டு நாள் என்றால் முடி தாங்கும். தினம் என்றால் வறண்டு போகும்.

மூன்றாவது வெயில். களை எடுக்கும்போது உச்சி வெயில் நேராகத் தலையில் விழுகிறது. அது முடியின் புரதத்தையே சிதைக்கும், நிறமும் செம்பட்டையாகும். நான்காவது, சூடான இரும்பால் தேய்த்து நேராக்குவதும் சாயம் போடுவதும்.

பார்லரில் நேராக்கும் மருந்துகளில் பலவற்றைச் சூடு படுத்தும்போது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கிளம்புகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திய ரசாயனம் அது. பூச்சிமருந்து வேண்டாமென்று காட்டில் நிறுத்திவிட்டு, இதைப் பிள்ளையின் தலையில் ஊற்றலாமா என்று மகளிடம் கேட்டேன். யோசித்தாள்.

இன்னொன்றும் சொன்னேன். சுருட்டை முடி குறையல்ல. வளைந்து வளைந்து போகும் முடியில் எண்ணெய் நுனி வரை இறங்குவது மெதுவாக நடக்கும், அதனால் கொஞ்சம் சீக்கிரம் வறளும், அவ்வளவுதான். சுருட்டை சுருட்டையாகவே மினுங்கட்டும்.

அரப்பு ஏன் வேலை செய்கிறது?

அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. இது சோப்பு மாதிரி உப்புத் தண்ணீரில் திரியாது. அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெயை ஒட்டுமொத்தமாக வழிக்காது. சீயக்காய்க்கு லேசான புளிப்புத் தன்மையும் உண்டு. முடிக்கு அது ஒத்துப்போகும். ரொம்ப வறண்ட முடிக்குச் சீயக்காயை விட அரப்பு மென்மை என்பது எங்கள் பக்கத்து அனுபவம்.

எட்டு மாதம் நாங்கள் செய்த முறை

1. எண்ணெய்: வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கும் நாளில், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு 2 அல்லது 3 கரண்டி (டீ ஸ்பூன்தான்) செக்குத் தேங்காயெண்ணெய். நுனிப் பக்கம் அதிகம், வேர்ப் பக்கம் கொஞ்சம். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வந்த ஓர் ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊடுருவுகிறது. நுனி ரொம்பப் பிளந்திருந்தால் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். தலையில் ஊற்றி வழிய விட்டால், அதை எடுக்க இரண்டு மடங்கு அரப்பு வேண்டியிருக்கும். அளவு முக்கியம்.

2. அரப்பு: பச்சை இலை கிடைத்தால் அம்மியில் அரைத்தே போடலாம். இல்லாவிட்டால் நிழலில் காய வைத்த தூள். நீளமான முடிக்கு 3 அல்லது 4 மேசைக்கரண்டி தூளை, ஆறிய வடிகஞ்சி ஒரு டம்ளரில் கரைத்துப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். குக்கர் வந்த பிறகு வடிகஞ்சி காணாமல் போய்விட்டது. தலைக்குளிக்கும் நாளாவது சோற்றை வடித்து ஆக்குங்கள். கரைசலை மண்டையில் தேய்த்து, முடியில் வழித்துவிட்டால் போதும். துணி துவைப்பது போல முடியைக் கசக்கக் கூடாது. கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளுக்குப் போடும்போது கவனம். நன்றாக அலசாவிட்டால் தூள் தலையிலேயே தங்கி அரிக்கும்.

3. வழுவழுப்புக்கு: மாதம் இரண்டு முறை, செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி அரைத்து அந்த வழவழப்பை வடிகட்டி முடியில் தடவி அரை மணி நேரம். அல்லது இரவு ஊறப்போட்ட 2 ஸ்பூன் வெந்தயத்தை அரைத்துப் போடலாம். இந்தக் கொழகொழப்பு செதிலின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். கற்றாழை போடுகிறவர்கள், மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய பிறகு சோற்றை எடுங்கள். அந்தப் பால் தோலுக்கு அரிப்புத் தரும்.

4. கடைசி அலசல்: இதுதான் எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் காட்டியது. மழைநீர்த் தொட்டித் தண்ணீர் ஒரு குடம், கடைசி அலசலுக்கு மட்டும். மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். குழி தோண்டி நிலத்துக்குள் விட்டதோடு சரி. ஒரு தொட்டியில் பிடித்து மூடி வைத்தவர்கள் குறைவு. மழைநீர் இல்லாத மாதங்களில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றி, உடனே நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள். புளிப்பு, படிந்த சுண்ணாம்பைக் கரைத்துச் செதிலைப் படிய வைக்கும். எலுமிச்சைச் சாறு தோலில் தங்கி அதோடு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகும். அதனால் அலசல் அவசியம்.

5. துவட்டல்: ஈர முடியைத் துண்டால் படார் படாரென்று அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஈரத்தில் முடி பலவீனமாக இருக்கும். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுத்து, பாதி காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியில் இருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள். காட்டு வேலைக்குத் தலையில் துண்டு கட்டாமல் போகாதீர்கள்.

அரப்புத் தூள் தயாரிப்பு

உசில மரம் கோடையில் இலை உதிர்க்கும். அதற்கு முன்பே, நன்கு முற்றிய இலையாகக் கிளை கவாத்துச் செய்து எடுத்துவிட வேண்டும். மரத்தை மொட்டையடிக்காமல் பாதிக் கிளையை விட்டு வையுங்கள். நிழலில் உலர்த்தி, நொறுங்கும் பதம் வந்ததும் காம்பு நீக்கி இடித்துச் சலித்து, ஈரம் போகாத டப்பாவில் அடைக்கலாம். இடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தும்மல் நிற்காது.

கடையில் வாங்குகிற தூளைச் சோதிக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். மெல்லிய நுரைதான் வரணும். சலவைத்தூள் மாதிரிப் பொங்கினால் ஏதோ கலந்திருக்கிறது.

வரப்பில் ஒரு மரம், வீட்டுக்கு ஒரு செடி

உசில மரம் வறட்சி தாங்கும். கல்லாங்காட்டிலும் வரும். ஆடு கடிக்கும் தழை, வயலுக்குத் தழையுரம், ஏர்க்கலப்பைக்கு உறுதியான மரம் எல்லாம் ஒன்றிலேயே. செம்பருத்தியைக் குச்சி வெட்டி நட்டாலே வரும். குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் வையுங்கள். சீயக்காய் முள்ளுள்ள படர்கொடி. உயிர்வேலியாக விட்டால் ஆடு மாடு நுழையாது.

அண்ணனை மசிய வைத்தது முடி அல்ல, அரப்பு மோர் கரைசல். புளித்த மோர் 5 லிட்டர், இளநீர் 1 லிட்டர், அரப்பு இலை 1 முதல் 2 கிலோ, வீணாகும் பழம் அரைக் கிலோ ஆகியவற்றைச் சேர்த்து ஏழு நாள் புளிக்க விட்டு, லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கலந்து கத்தரிக்குத் தெளித்தார். பூ நன்றாகப் பிடித்தது என்று அவரே சொல்கிறார். இப்போது அந்த இரண்டு மரத்தில் கவாத்துச் செய்யும் இலைக்கு எனக்கும் அவருக்கும் போட்டி.

அரப்பு, சீயக்காய்த் தூளை விற்கலாமா என்று மகளிர் குழுவினர் கேட்கிறார்கள். விற்கலாம், ஆனால் ஒப்பனைப் பொருளாகத் தயாரித்து விற்க 2020-ன் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. "வழுக்கையில் முடி முளைக்கும்" என்றெல்லாம் போட்டால் அது மருந்தாகிவிடும், பொய்யும் கூட. அழுக்கு எடுக்கும், வறட்சி குறையும் என்று உள்ளதைச் சொல்லி விற்போம்.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

முடி திடீரென்று வறண்டு கொத்துக் கொத்தாக உதிர்ந்து, கூடவே அசதி, உடம்பு போடுதல், மாதவிலக்குக் கோளாறு இருந்தால் அரப்பை நம்பி உட்காராதீர்கள். தைராய்டு குறைவாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் பெண்களுக்கு முருங்கைக்கீரையும் பயறும் முட்டையும் தட்டில் விழாமல், தலையில் என்ன தடவியும் பிரயோசனமில்லை.

பலன் என்ன?

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வளரும். எட்டு மாதத்தில் மகளுக்கு அரைச் சாண் அளவுக்குப் புது முடி வந்திருக்கிறது. அது மினுங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பழைய முடி சிக்கு குறைந்து, படிந்து, முன்பை விடத் தேவலை. ஆனால் முழுசாக மாறவில்லை. பிளந்த நுனியை இரண்டு தடவை வெட்டிவிட்டோம். ரசாயன உரம் போட்ட காட்டை இயற்கைக்குத் திருப்ப மூன்று வருஷம் பொறுத்தோமே, அதே பொறுமைதான் இதற்கும் வேண்டும்.

போன வாரம் லீவு முடிந்து கிளம்பும்போது, ஒரு டப்பா அரப்புத் தூளைத் தானாகவே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். ரூம் பிள்ளைகள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம். அறுத்துப் போட்ட மரத்தின் அடிக்கட்டையில் இந்த மழைக்கு இரண்டு துளிர் விட்டிருக்கிறது. ஆடு கடிக்காமல் முள் வைத்து மூடியிருக்கிறேன்.

உங்கள் வரப்பிலும் உசில மரம் நிற்கிறதா என்று நாளைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நின்றால் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இந்த மழையோடு ஒரு கன்று வையுங்கள்.