இது என்ன? இது எதற்கு?

உம்மம்மாவின் பெட்டியில் கிடந்த அரபுத் தமிழ்க் கிதாபை நான் போனில் படம்பிடித்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த மாரிக்குள் மூலப்பிரதியைச் செல் அரித்துவிட்டது. படங்களை ‘உம்மம்மா’, ‘அரபுத் தமிழ்’, ‘கட்டுரைக்கு’ என மூன்று போல்டர்களில் கொப்பி பண்ணியிருந்தேன். எழுத்துப்பெயர்ப்பைச் செய்து சேர்த்ததோ ஒன்றில் மட்டும். மடிக்கணினியில் இடம் போதாமல் வந்தபோது, ஒரே சாமான் மூன்று எதற்கென்று இரண்டை அழித்தேன். வேலை செய்த கொப்பியும் அதில் போய்விட்டது. நான்கு மாத உழைப்பு!

கவனக்குறைவு என்னுடையதுதான். ஆனால் போல்டர் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. ஒரு பொருளை மூன்று தேவைகளுக்கு வைப்பதென்றால் நாம் அதை மூன்றாக்கிவிடுகிறோம். இதற்கு மாற்றாக நான் இப்போது பாவிப்பது ஸொட்டேரோ. ஆய்வாளர்களுக்காக 2006இல் வெளிவந்த இலவச மென்பொருள்.

இதில் வகை வேறு, தொகுதி வேறு. வகுப்பில் நான் சொல்லும் உதாரணத்தையே இங்கும் சொல்கிறேன். ‘வாப்பா’ என்பது எப்போதும் பெயர்ச்சொல். ‘வாப்பா வந்தார்’ என்றால் எழுவாய். ‘வாப்பாவைக் கண்டேன்’ என்றால் செயப்படுபொருள். சொல்லின் வகை மாறவில்லை, வாக்கியத்தில் அதன் இடந்தான் மாறியது. ஆவணமும் அப்படித்தான். ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு ஒரே விடை: புத்தகம், பத்திரிகைக் கட்டுரை, கையெழுத்துப்படி, கடிதம், நேர்காணல். இது வகை. ‘இது எதற்கு?’ என்றால் விடை பல. அவை தொகுதிகள்.

சித்திலெப்பையை எடுத்துக்கொள்வோம். 1885இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ புத்தகம். 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழில் வந்த ஒரு தலையங்கம் பத்திரிகைக் கட்டுரை. வகை இரண்டு, ஆனால் ‘சித்திலெப்பை’ என்ற தொகுதியில் இரண்டும் இருக்கும். அந்தத் தலையங்கம் கல்வி பற்றியதென்றால் ‘முஸ்லிம் கல்வி’ என்ற தொகுதிக்குள்ளும் அதை இழுத்து விடலாம். கொப்பி உருவாகாது. ஒரே பதிவுதான் இரண்டு இடத்திலும் தெரியும். ஓரிடத்தில் திருத்தினால் மற்றதிலும் திருந்தியிருக்கும்.

வகையை ஏனோதானோ என்று போடக்கூடாது. எந்தெந்த விவரங்களுக்குக் கட்டம் தருவது என்பதை அதை வைத்தே மென்பொருள் தீர்மானிக்கிறது. புத்தகத்துக்குப் பதிப்பகம், கடிதத்துக்குப் பெற்றவர், நேர்காணலுக்குக் கண்டவர். அடிக்குறிப்பு அமைவதும் இதன்படியே. பின்னர் வகையை மாற்றினால், புதிய வகையில் இல்லாத கட்டங்களின் விவரம் அழிந்துபோகும். எச்சரிக்கை வரும், நாம்தான் வாசிக்காமல் ‘ஓகே’ கொடுத்துவிடுவோமே!

‘அரபுத் தமிழ்’ என்பதை ஒரு வகையாக நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். அது எழுத்து முறை. அச்சிட்ட கிதாபு புத்தகம், கையால் எழுதியது கையெழுத்துப்படி. ‘அரபுத் தமிழ்’ என்பதை டேக் ஆக ஒட்டிவிட்டால் இரண்டையும் ஒரே தேடலில் எடுக்கலாம்.

இன்னொன்று. ஸ்கேன் பண்ணிய பி.டி.எஃப்பை அப்படியே போட்டால், பல வேளை அது வகையில்லாத வெறும் பைலாகவே கிடக்கும். வலது கிளிக் செய்து ‘கிரியேட் பேரன்ட் ஐட்டம்’ கொடுத்து, அதற்கொரு பதிவு உண்டாக்க வேண்டும். பழைய அச்சுகளுக்கு விவரங்களை நாமே தட்டச்சுச் செய்யத்தான் வேண்டும். சலிப்பான வேலை, குறுக்கு வழி கிடையாது.

அழிக்கும்போது நிதானம். ‘ரிமூவ் ஐட்டம் ஃப்ரம் கலெக்ஷன்’ என்றால் அந்தத் தொகுதியிலிருந்து மட்டும் விலகும். பதிவு ‘மை லைப்ரரி’யில் பத்திரமாக இருக்கும். ‘மூவ் ஐட்டம் டு ட்ரேஷ்’ என்றால் எல்லா இடத்திலிருந்தும் போகும். நாம் மாற்றியமைக்காதவரை குப்பையில் 30 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். ஒரு பதிவு எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறதென்று பார்க்க, விண்டோஸில் பதிவைத் தெரிந்தபின் கன்ட்ரோல் விசையைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். அவை நிறம் மாறிக் காட்டும்.

உம்மம்மாவின் கிதாபு இப்போது ஒரே பதிவு, மூன்று தொகுதி. எழுத்துப்பெயர்ப்பை முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.