அக்கினி நக்ஷத்திரமும் வெப்ப அலையும்

பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்கினி ஸ்தலமாகிய திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், கோடையின் கடுமையைக் கத்திரி வெயிலைக்கொண்டு கணக்கிடுவது நெடுநாளைய வழக்கம். அக்கினி நக்ஷத்திரம் எனப்படும் இக்காலம் சித்திரை 21-ந் தேதி வாக்கில் தொடங்கி வைகாசி நடுவில் முடிவது; ஆங்கிலத் தேதிப்படி ஏறக்குறைய மே மாதம் 4 முதல் 28 வரையில் அமைகிறது. சூரியன் கார்த்திகை நக்ஷத்திரத்தை ஒட்டிச் சஞ்சரிக்கும் காலமாதலாலும், அந்நக்ஷத்திரத்திற்கு அதிதேவதை அக்கினியாதலாலும் இப்பெயர் ஏற்பட்டது. பல வருஷங்களின் சராசரியை நோக்கினால் இக்கணக்கு பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் உயிருக்கு அபாயம் விளைக்கும் வெப்பம் பஞ்சாங்கத் தேதிகளுக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. அதனை முன்னதாக அறிந்துகொள்ளும் வழியையும், அறிந்தபின் செய்யத்தக்கதையும் குடியானவர்கள் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

வெப்பம் மிகுவதற்குக் காரணங்கள்

திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12¼ டிகிரியில் உள்ளது. ஏப்ரல் 23-ந் தேதியை ஒட்டி நண்பகலில் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. எனினும் அன்றே வெப்பம் உச்சத்தை அடைவதில்லை. பகலில் நிலம் வாங்கும் உஷ்ணம், இரவில் அது வெளிவிடும் உஷ்ணத்தைவிட அதிகமாயிருக்கும் வரையில், நாளுக்கு நாள் சூடு சேர்ந்துகொண்டே போகும். ஆதலால்தான் மே மாதம் ஏப்ரலைவிடக் கடுமையாக இருக்கிறது.

இது எல்லா வருஷத்திற்கும் பொதுவானது. ஒரு வருஷத்திற்கும் மற்றொரு வருஷத்திற்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் காற்றும் ஈரமுமே. நண்பகலுக்குப் பின் வங்காள விரிகுடாவிலிருந்து வீசும் கடற்காற்று கரையோர ஊர்களைத் தணிக்கிறது. திருவண்ணாமலை கடலிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், அக்காற்று இங்கு வந்து சேருமுன் மாலை கழிந்துவிடும், வலுவும் குன்றிவிடும். மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வறண்ட தரைக்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையிலேயே தடைப்படும். வங்கக்கடலில் புயலொன்று தோன்றி வடக்கு நோக்கிச் செல்லுங்கால், அது இத்தகைய தரைக்காற்றை இழுத்துக்கொள்வதும் உண்டு.

ஈரமான நிலத்தில் சூரிய வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. ஏரி வற்றிப் பயிரும் இல்லாத நிலத்திலோ அவ்வளவு வெப்பமும் மண்ணையும் காற்றையும் சூடேற்றவே பயன்படுகிறது. கோடைமழை தவறிய வருஷத்தில் வெயில் மும்முரமாவது இதனாலேயே. சுமார் 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் பாறைகளும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன.

தேதி பொய்த்த இரண்டு வருஷங்கள்

2003-ம் வருஷம் மே மாதத்தில் வங்கக்கடலில் தோன்றிய புயலுக்குப் பின் தரைக்காற்று மிகுந்து, ஆந்திர தேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெப்பத்தால் மாண்டனர். அவ்வருஷம் மே 31-ந் தேதி, அதாவது கத்திரி கழிந்த பிறகு, சென்னையில் 45 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் பதிவாயிற்று. மாறாக, 2024-ம் வருஷத்தில் கத்திரி பிறக்குமுன்னரே, ஏப்ரல் பிற்பகுதியில், தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் வெப்ப அலை வீசியது. அக்கினி நக்ஷத்திரத்தின் நடுவிலோ மே மாதத்தில் பல இடங்களில் நல்ல மழை பெய்தது. கத்திரி பிறக்கவில்லையென்று அசட்டையாயிருந்தவனும், கத்திரி கழிந்ததென்று துணிந்தவனும் ஒருங்கே ஏமாறத்தக்க வருஷங்கள் இவை.

வெப்ப அலை எனப்படுவது யாது?

1875-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையார் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கின்றனர். சமவெளியில் உச்ச வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேட் (104 டிகிரி பாரன்ஹீட்) அல்லது அதற்கு மேற்பட்டு, அந்நாளுக்குரிய வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருந்தால் அது வெப்ப அலை, 6.4 டிகிரிக்கு மேல் மிகுந்தால் கடும் வெப்ப அலை. வழக்கமான அளவு எதுவாயினும் 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலையென்றும், 47 டிகிரியை எட்டினால் கடும் வெப்ப அலையென்றும் கொள்ளப்படும். இந்த அளவுகள் நிழலில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் வைத்த உஷ்ணமானியில் காண்பவை. வெட்டவெளியில் நின்று வேலை செய்பவன் படும் வெப்பம் இதனினும் மிக அதிகம்.

இராஜஸ்தானத்து தார் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள பலோடியில் 2016-ம் வருஷம் மே 19-ந் தேதி 51 டிகிரி பதிவாயிற்று. அதனோடு ஒப்பிட்டு நம் ஊர் வெயிலை அற்பமாக எண்ணலாகாது. தேகம் தன்னைத் தணித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால். வறண்ட காற்றில் வியர்வை விரைவில் உலரும். புழுக்கம் மிகுந்த காற்றில் உலராமல் வழிந்தோடும். ஆகவே புழுக்கத்துடன் கூடிய 40 டிகிரி, பாலைவனத்து வெயிலுக்குச் சளைத்ததன்று.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

வானிலைத் துறையார் வெளியிடும் முன்னறிவிப்பு பலவகைப்படும். கோடை முழுவதுக்குமான நோக்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களின் தொடக்கத்தையொட்டி வெளிவரும். வெப்பம் வழக்கத்தைவிட மிகுதற்கு இடமுண்டா என்பதை மாத்திரமே அது கூறும். இன்ன நாளில் என்று கூறாது. தீவனம் சேமிக்கவும் குடிநீருக்கு ஏற்பாடு செய்யவும் அது போதும். அடுத்து வரும் வாரங்களுக்கான நோக்கைக் கொண்டு நடவு, களையெடுப்பு முதலிய வேலைகளை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். தினசரி அறிக்கையோ மறுநாள் எத்தனை மணிக்கு வயலில் இறங்குவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது என்பதைத் தீர்மானிப்பதற்கு.

தினசரி அறிக்கையில் பச்சை நிறம் அபாயமின்மையையும், மஞ்சள் கவனத்தையும், ஆரஞ்சு ஆயத்தத்தையும், சிவப்பு உடனடி நடவடிக்கையையும் குறிக்கும். அண்டையிலுள்ள வேலூர், திருப்பத்தூர் நிலையங்களின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உச்ச வெப்பத்தோடு இரவின் குறைந்த வெப்பத்தையும் கவனிக்கவேண்டும். இரவும் தணியாவிடின் தேகத்திற்கு இளைப்பாறுதல் இல்லை. தொடர்ந்து வரும் மூன்றாம் நாள், நான்காம் நாள்களில் அபாயம் பெருகும்.

அறிவிப்பால் உயிர் பிழைக்குமோ என ஐயுறவேண்டியதில்லை. ஆமதாபாத் நகரில் 2010-ம் வருஷத்து வெப்ப அலையில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கு அதிகமான மரணங்கள் நேர்ந்தன. அதன்பின் 2013-ல் அந்நகரத்தார் முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஆயத்தம், குடிநீர்ப் பந்தல் ஆகியவற்றை ஒன்று சேர்த்து ஒரு திட்டம் வகுத்தனர். அதுவே மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

செய்யவேண்டுவன

வயல் வேலையையும் ஊரக வேலைத்திட்டப் பணிகளையும் காலை 11 மணிக்குள் முடித்துக்கொண்டு, மிச்சத்தை மாலை 4 மணிக்குமேல் வைத்துக்கொள்வது உத்தமம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர், நீர்மோர், உப்பிட்ட கஞ்சி பருகவேண்டும். தளர்ச்சி கண்டவருக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம்.

பேச்சுக் குழறுதல், மதிமயக்கம், வலிப்பு, நினைவிழத்தல், தேகம் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் கொதித்தல் ஆகியவை வெப்பத்தாக்கின் குறிகள். இக்குறி கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, தேகமெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். 108 வண்டியை அழைக்கவேண்டும். நினைவற்றவர் வாயில் எதனையும் புகட்டலாகாது.

சித்திராபௌர்ணமி ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வருவதால், கிரிவலம் வெப்ப அலையோடு சேர்ந்துவிடக்கூடும். திதி பகலிலேயே தொடங்கினாலும், சுமார் 14 கிலோமீட்டர் பாதையை வெறுங்காலுடன் நண்பகலில் சுற்றுவது தகாது. வெயில் தாழ்ந்தபின் புறப்படுவது வயோதிகர், கர்ப்பிணிகள், குழந்தைகள், இருதய நோயாளிகள் யாவர்க்கும் இன்றியமையாதது.

கறவை மாடுகளுக்கு நிழலும் நாள் முழுதும் தண்ணீரும் வேண்டும். கலப்பினப் பசுக்கள் நாட்டு மாடுகளைவிட விரைவில் தளரும்; பாலும் குறையும். தீவனத்தைக் காலையிலும் இரவிலும் இடுக. நெற்பயிர் பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்பட்டால் பதர் மிகும். ஆதலால் விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே பூக்கும் நாளையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

பஞ்சாயத்துகளின் கடமை

2024-ம் வருஷத்தில் தமிழ்நாடு அரசாங்கத்தார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்திற்கு 4 லக்ஷ ரூபாய் உதவித்தொகை அளிக்க ஏற்பாடு செய்தனர். இவ்வுதவி கிடைப்பதற்கு மரணத்தின் காரணம் உரிய அதிகாரியால் சான்றளிக்கப்படவேண்டும். வயலில் விழுந்து இறந்தவரை "மயக்கம்" என்று மட்டும் சொல்லி எடுத்துச்சென்றுவிட்டால் குடும்பத்தார் உதவியை இழப்பர். எத்தனைபேர் வெயிலால் மாண்டனர் என்ற கணக்கும் ஊருக்குத் தெரியாமற்போம்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் மாலைதோறும் மறுநாளைய அறிவிப்பைப் பலகையில் எழுதி வைக்கலாம். எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி உரிய நிறத்தில் ஒரு துணியைக் கட்டலாம். தனித்து வாழும் முதியோர் வீடுகளின் ஜாபிதா ஒன்று தயாரித்து, ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் இருவேளையும் சென்று விசாரிக்கலாம். இவற்றிற்குச் செலவு சொற்பம். நெடுங்காலத்திற்கு, ஏரிகளைத் தூர் வாருதலும், கரைகளிலும் மலைச்சரிவிலும் மரம் வளர்த்தலும், கோடையில் மலைப்புல்லுக்குத் தீ வைக்காது காத்தலும் வேண்டும். வெயிலை நிறுத்த நம்மால் இயலாது. அது வருமுன் அறிந்து ஒருவரும் மடியாமற் காப்பது நம்மால் இயலும்.