எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள்?

எங்கள் தாத்தா இறந்தபோது, மாலை போட்டு வைக்கிற மாதிரிப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கல்யாண ஆல்பங்களில் இருந்தார். ஆனால் ஓரத்தில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகமாக. கடைசியில் மாமா அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய், கட்டைவிரல் அகலப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர். வாய்விட்டுச் சிரிப்பவர். அந்தச் சட்டத்துக்குள் இருந்தவர் வரிசையில் நின்று களைத்துப்போன ஒரு வயதானவர், அவ்வளவுதான்.

அந்த ஆண்டே பழைய கேனன் 600டி ஒன்றை, அதோடு வரும் 18-55 லென்ஸுடன் வாங்கினேன். வார நாட்களில் துறைமுகத்தில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான், காப்பார், மேரு, பிரிக்ஃபீல்ட்ஸ் வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் படம் பிடித்து, 8ஆர் அளவில் அச்சுப் போட்டுக் கொடுத்து வருகிறேன். இதைப் பார்த்த பிள்ளைகள் பலர் கேட்பது ஒரே கேள்வி: “அக்கா, போர்ட்ரெய்ட்டுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்? கையில 500 வெள்ளிதான் இருக்கு.” அவர்களுக்கு நின்றபடி சொல்லி வந்ததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதன்முதலில் பிடித்தது என் பாட்டியை. ஹாலில் ஒரே ஒரு ட்யூப் லைட். படம் நிறைய முகம் வர வேண்டும் என்று கிட்டப் போய், பாட்டியின் முட்டியில் என் முட்டி இடிக்கிற தூரத்தில் நின்றேன். மூக்கு பெரிதாக, காது சின்னதாக, தோலெல்லாம் மணல் தூவியது போல வந்தது. “கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன் தாயி, பயமா இருக்கு” என்றார். அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை. லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டி, அடுத்த வாரமே கொமூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூருக்குப் போனேன்.

பூடு பிளாசாவில் கேமரா கடைகள் நிறைய. பழைய லென்ஸ்களைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கடையில் சீன அங்கிள் ஒருவரிடம் 85 மில்லிமீட்டர் லென்ஸ் கேட்டேன். போர்ட்ரெய்ட் என்றாலே 85 என்று எங்கோ படித்திருந்தேன். அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. எங்கே வைத்துப் பிடிக்கப் போகிறாய் என்றார். வீட்டு ஹாலில் என்றேன். ஹால் எத்தனை அடி என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நம் தாமான்களில் டெரஸ் வீடு என்றால் முன்பக்கம் 20 அடி, 22 அடி இருக்கும். சோபாவும் டிவி அலமாரியும் போக நடமாட இருப்பது 12, 13 அடி. 600டி போன்ற சிறிய சென்சார் கேமராவில், அதாவது ஏபிஎஸ்-சி வகையில், ஒருவரை இடுப்புக்கு மேல் எடுக்க 85 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 10 அடி தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ.க்கு 6 அடி போதும். 35 மி.மீ.க்கு 4 அடி. உச்சி முதல் பாதம் வரை நின்ற படம் வேண்டுமென்றால் 85க்கு 24 அடி, அதாவது சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும்! 50க்கு 14 அடி, 35க்கு 10 அடி. பெரிய சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேம் கேமராவில் கணக்கு மாறும்: அங்கே 85 மி.மீ.யும் இடுப்பளவுப் படத்தை ஏறக்குறைய 6 அடியிலேயே எடுத்துவிடும். 85 என்ற பேர் வந்தது அந்தக் கேமராக்களை வைத்துத்தான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்து ஹாலை அளந்து கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அதற்கப்புறம்.

தூரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முகம் விகாரமாக வருவதற்கு லென்ஸின் மி.மீ. எண் காரணம் என்று நினைக்கிறோம். காரணம் நாம் நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் 12 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அரை மீட்டரில் நின்று எடுத்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு கால்பங்கு பெருத்து விழும். 6 அடிக்குத் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் 7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கைத்தொலைபேசியில் செல்ஃபி எடுத்தால் மூக்கு புடைத்துத் தெரிவது இதனால்தான். அந்த 6 அடியில் நின்றபடி முகத்தைச் சட்டத்துக்குள் நிறைத்துத் தருவதுதான் லென்ஸின் வேலை.

அன்று அங்கிள் என் கையில் வைத்தது கேனன் 50 மி.மீ. எஃப் 1.8, இரண்டாம் வகை. 1990இல் வந்த மாடல், 130 கிராம், கேமராவில் பொருந்தும் வளையம்கூட பிளாஸ்டிக். ஃபோகஸ் ஆகும்போது கொசு மாதிரி ரீங்கரிக்கும். 250 வெள்ளி கொடுத்தேன். அவரிடம் இருந்த பழைய 85இன் விலை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

அதில் மாயம் என்றால் அந்த 1.8 என்ற எண்தான். லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அகலம் கிடைக்கும். 18-55 லென்ஸை 55க்குத் திருகினால் எஃப் 5.6, துவாரம் 10 மி.மீ.தான். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ. எஃப் எண்களின் கணக்குப்படி வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். அதே ட்யூப் லைட், அதே பாட்டி. முன்பு ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 6400க்கு ஏற்றி வைக்க வேண்டியிருந்த இடத்தில் இப்போது 640 போதுமாயிற்று. மணல் தூவியது போலிருந்த புள்ளிகள் மறைந்தன.

இது நம் ஆட்களுக்கு மிக முக்கியம். டிஜிட்டல் படத்தில் அந்த மணல் புள்ளிகள் சேர்வது இருண்ட பகுதிகளில்தான். கறுத்த முகம் மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பகுதியிலேயே விழுகிறது. அதோடு கேமராவின் மீட்டர் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்கிறது. தாத்தா வெள்ளை வேட்டி சட்டையோடு சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தால், அந்த வெள்ளையைக் கண்டு மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகிவிடும். அப்போது எக்ஸ்போஷர் ஈடுகட்டலை ஒரு படி கூட்டி வையுங்கள். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர்; 1950களிலிருந்து அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை வந்தது 1990களில். நம் பாட்டிமார் கல்யாணப் படங்களில் இருட்டாகத் தெரிவதற்கு அவர்கள் முகம் காரணமில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஒருவகை ஆறுதலும் வந்தது. யாராவது முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. அந்த நிறத்தை உள்ளபடி பிடிப்பதற்குத்தான் இந்த 28 மி.மீ. துவாரம்.

ஆனால் 1.8ஐ எந்நேரமும் திறந்து வைக்காதீர்கள். சிறிய சென்சாரில் 5 அடி தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் 6 செ.மீ.தான். கண் தெளிந்தால் காது கரைந்துவிடும். பாட்டி லேசாக முன்னால் சாய்ந்தால் கண்ணும் போய்விடும். எஃப் 2.8க்கு மூடினால் ஆழம் 9 செ.மீ.யைத் தாண்டும். நான் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறேன்.

இனி மற்ற கம்பெனிகள். கேனனில் 2015இல் வந்த 50 மி.மீ. எஸ்டிஎம் கிடைத்தால் என்னுடையதைவிட அதுவே நல்லது: உலோக வளையம், சத்தம் குறைந்த மோட்டார், 35 செ.மீ. வரை கிட்டப் போகலாம். நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.மீ. 1.8டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அதை ஓட்டும் மோட்டார் இல்லை, தானாக ஃபோகஸ் ஆகாது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சோனி, ஃபுஜி மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு வில்ட்ராக்ஸ், டிடிஆர்ட்டிசான் போன்ற சீன நிறுவனங்கள் 56 மி.மீ. லென்ஸ்களைத் தானியங்கி ஃபோகஸோடு நியாயமான விலைக்குச் செய்கின்றன. கேனனின் புதிய ஆர் வரிசைக்கு 2020இல் வந்த ஆர்எஃப் 50 மி.மீ. 1.8 இருக்கிறது. அடாப்டர் வைத்திருந்தால் பழைய 50யே போதும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அது தாராளம். இணையத்தில் விளம்பரம் பார்த்து, எண்ணெய் நிலையம் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கு ஒருவரிடம் காசு கொடுத்து நான் வாங்கிய 85 மி.மீ. லென்ஸ், மறுநாள் சன்னலோரத்தில் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை பின்னியது போலிருந்தது. திரும்ப அழைத்தால் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி. அப்படியே செய்தாலும், பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது என்றார்கள். இரண்டு மாதச் சேமிப்பு அது.

அன்று முதல் சின்ன டார்ச் இல்லாமல் நான் லென்ஸ் வாங்கப் போவதில்லை. பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி, முன்பக்கமாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் கவலை இல்லை. நூல் போல, கிளை விட்டாற்போல எது தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பால் படிந்தது போல மங்கல் இருந்தாலும் வேண்டாம். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா, முன் வளையம் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் கீழே விழுந்தது என்று அர்த்தம். பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, கடைக்காரரின் அனுமதியோடு அவர் கண்ணை ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கியதைக் காப்பதற்கு டிரை கேபினட் இருந்தால் நல்லது. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் ஈரப்பதத்தை வைத்துக்கொள்ளும். நான் பயன்படுத்துவது ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி. ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடலாம். தோல் பையில் மட்டும் லென்ஸை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். ஏர்கோன் மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் கண்ணாடி பனித்துப் போகும்; அதைத் துடைக்க வேண்டாம், பைக்குள் வைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸைப் பற்றியும் சொல்ல ஆசை. 58 மி.மீ., எஃப் 2, ஃபோகஸ் கையால்தான். பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும். அப்படிச் சுழலும் பின்னணிக்கு வயது அதிகம்: 1840இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸிலேயே அது உண்டு. அதற்கு முன் இருந்த லென்ஸ்களில் முகம் பதிய நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது, எஃப் 3.6 துவாரத்தால் அவர் அதை நொடிகளுக்குக் கொண்டுவந்தார். ஹீலியோஸை அடாப்டர் வளையத்தோடு கேனனிலும் சோனியிலும் மாட்டலாம். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் தூரத்தில் உள்ளவை தெளியாது.

பழகுவதற்கு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போங்கள். துன் சம்பந்தன் சாலையில் பூமாலை கட்டுகிறவர்கள் கடைகளுக்கு முன்னுள்ள அஞ்சடியின் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். தெருவின் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தில் மெத்தென்று விழும். உச்சி வெயிலிலும் அங்கே நல்ல படம் கிடைக்கும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் அதே வெளிச்சம்தான். முதலில் பேசுங்கள், கேளுங்கள். சரி என்றால் 6 அடி தள்ளி நில்லுங்கள்.

சென்ற மாதம் மேருவில் ஒரு டெரஸ் வீடு. எண்பத்து மூன்று வயதுப் பாட்டி. ஹாலில் மகனின் சலவை யந்திரம்வரை இருந்தது, 6 அடிகூடத் தேறவில்லை. நாற்காலியை வாசல்படிக்கு உள்ளே மூன்றடியில் போட்டுவிட்டு, நான் வாசல் கேட்டுக்கு வெளியே தார்ரோட்டில் போய் நின்றுகொண்டேன். பூஞ்சணம் இல்லாத 85 ஒன்றை இப்போது சேர்த்து வைத்து வாங்கியிருக்கிறேன். கம்பிகளுக்கு நடுவே அதை நீட்டினேன். வாசல் வெளிச்சம் முகத்தில் நிறைந்திருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு கையை ஆட்டினார்.

“ஏம்மா, ரோட்டுலயே நிக்கிற? உள்ள வா, தேத்தண்ணி ஆறுது” என்று சிரித்தார். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 400. அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.