ஆவி நிவேதனமும் அடகுத் துணியும்

கடலோர ஊரான மீமிசல் இருக்கும் வட்டத்துக்கே ஆவுடையார்கோயில் என்றுதான் பெயர். அந்தக் கோயிலின் கருவறையில் ஆவுடையார் உண்டு. அதன்மேல் லிங்கம் கிடையாது. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. அம்பாள் சன்னதியில் உருவத்துக்குப் பதில் பாதங்கள் மட்டும். சுவாமியின் பெயர் ஆத்மநாதர். எல்லாவற்றையும்விட வியப்பு, நிவேதனம்தான். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சூட்டோடு கல்மேடையில் பரப்புகிறார்கள். எழும் ஆவியே படையல். கூடவே கீரையும் பாகற்காயும்.

குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தோடு கீழைக்கடற்கரைப் பக்கம் வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், இங்கே குருவைக் கண்டு ஆட்பட்டார் என்பது மரபு. தம் நெஞ்சு உருகவில்லையே என்று அவர் அழுத அழுகை திருவாசகம் முழுக்கக் கேட்கிறது. எங்கும் ஈசன் என்று உணராதவனுக்குக் கடல் நீராடி என்ன பயன் என்று 7-ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் கேட்டிருக்கிறார்.

வெளிச்சடங்கு மட்டும் போதுமா என்ற இந்தக் கேள்வி சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் எபிரேயர் நாட்டிலும் எழுந்தது. எழுப்பிய தீர்க்கதரிசி ஆமோஸ் பூசாரி குலத்தவர் அல்ல. தெக்கோவா என்ற ஊரில் மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட எபிரேயரின் வட அரசில் அப்போது செல்வம் கொழித்தது. பெத்தேல் கோயிலில் பலிகளுக்குக் குறைவில்லை. அங்கே போய் நின்று, உங்கள் திருவிழாவைக் கடவுள் வெறுக்கிறார், அவருக்கு வேண்டியது நீதி என்றார். ஊரைவிட்டுப் போ என்று விரட்டினார் பூசாரி.

அந்தக் காலத்து வழிபாட்டின் மணத்தைக்கூட இன்று அறிவியல் மீட்டுத் தந்திருக்கிறது. எபிரேயரின் தென் அரசான யூதாவின் தென்கோடியில் ஆராத் கோட்டைக் கோயிலில் கிடைத்த இரண்டு சுண்ணாம்புக்கல் பீடங்களில் ஒட்டியிருந்த கரியை வேதியியல் முறையில் ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் விலங்குக் கொழுப்போடு எரித்த குந்திரிக்கம். மற்றதில் சாணத்தோடு எரித்த கஞ்சா. குந்திரிக்கம் தென் அரேபியாவிலிருந்து பாலைவனம் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. தூரதேசத்துத் தூபம் எதற்கு என்று தீர்க்கதரிசி எரேமியா கேட்டதன் கனம் இப்போது புரிகிறது.

என்னை அதைவிட உலுக்குவது ஒரு பானை ஓடு. ஏழையிடம் அடகு வாங்கிய மேலாடையை விரித்துப் பலிபீடத்தின் அருகிலேயே படுக்கிறீர்களே என்பது ஆமோஸின் குற்றச்சாட்டு. இரவில் அவனுக்கு இருக்கும் ஒரே போர்வை அதுதான். பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்பது அவர்கள் சட்டம். 1960-இல் மத்தியதரைக் கடலோரக் கோட்டை ஒன்றைத் தோண்டியபோது, மையால் எழுதிய மனு ஒன்று அந்த ஓட்டில் கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதச் சொன்னவர் ஓர் அறுவடைக் கூலி. சொன்ன அளவு அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், ஆனாலும் மேலாடையைப் பறித்துக்கொண்டார்கள், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், திருப்பி வாங்கித் தாருங்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறார். ஆமோஸ் பேசி நூறாண்டு கழிந்தும் துணி பறிப்பது நிற்கவில்லை.

துக்கத்தில் உடையைக் கிழித்துக்கொள்வது அம்மக்கள் வழக்கம். வெட்டுக்கிளிக் கூட்டம் வயலைத் தின்று தீர்த்தபோது, கிழிக்க வேண்டியது இதயத்தை என்றார் இன்னொரு தீர்க்கதரிசி யோவேல். அதே மூச்சில் எக்காளம் ஊதுங்கள், நோன்பு அறிவியுங்கள் என்றும் சொன்னார். தீர்க்கதரிசிகள் சடங்கையே ஒழிக்கப் புறப்பட்டவர்கள் என்று சிலர் எழுதுவதை இதனால்தான் நான் ஏற்பதில்லை. ஆத்மநாதருக்கும் நாள்தோறும் பூசை நடக்கத்தான் செய்கிறது. நோன்பு இருந்துகொண்டே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்றுதான் விவிலியத்தின் ஏசாயா நூலில் 58-ஆம் அதிகாரமும் கேட்கிறது. பசித்தவனுக்குச் சோறு, உடையில்லாதவனுக்குத் துணி, இவைதான் அது சொல்லும் நோன்பு.

திருவாசகத்தில் தோய்ந்தவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்; 14 வசனங்கள்தான். விவிலியம் அறிந்தவர்கள் மீமிசல் பக்கம் வந்தால் ஆவுடையார்கோயிலுக்கும் போய், நிவேதன நேரத்தில் நின்று பாருங்கள்.