ஆயிரம் கியூபிட் செய்துவிட்டு 133க்குத் திரும்பிய கம்பனி

குவாண்டம் கணினி பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. இந்தக் கம்பனி இத்தனை கியூபிட் செய்துவிட்டது, மற்றது அதை முந்திவிட்டது என்று எல்லாம் எண்களாகவே இருக்கின்றன. கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. சாதாரண கணினியில் அந்த அலகு 0 ஆகவோ 1 ஆகவோ தான் இருக்கும். கியூபிட் இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கும். ஆனால் அந்த நிலை மிக எளிதில் குலைந்துவிடும். குலைந்தால் கணக்கு பிழைத்துவிடும். ஆகவே எத்தனை கியூபிட் என்பதோடு, அவை எந்தளவு பிழைவிடுகின்றன என்பதையும் கேட்க வேண்டும்.

வீடு கட்டும் மேசன்பாஸுக்கு எத்தனை மூடை சீமெந்து, எத்தனை நாள் வேலை என்று தெரியும். அவர் முன்பும் வீடு கட்டியவர். குவாண்டம் ஆய்வை முகாமை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு பெரிய கணக்குகளைச் செய்யும் குவாண்டம் கணினியை உலகில் எவரும் இன்னும் கட்டி முடிக்கவில்லை. அப்படியிருக்க, திகதி குறிப்பது எப்படி?

ஐ.பி.எம். கம்பனி துணிந்து குறித்தது. 2021இல் 127, 2022இல் 433, 2023இல் ஆயிரத்துக்கு மேல் என்று 2020 செப்டெம்பரில் பகிரங்கமாகவே அறிவித்தது. இதில் நியாயம் உண்டு. இந்தச் சில்லுகள் மறை 273 பாகை செல்சியஸை நெருங்கிய கடுங்குளிரில்தான் வேலை செய்யும். உள்ளே செல்லும் ஒவ்வொரு வயரும் கொஞ்சம் வெப்பத்தையும் கொண்டுபோகும். சில்லு, வயர், குளிரூட்டி, மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிபுணர்கள். பொதுவான திகதி இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்று வாக்குறுதிகளும் நிறைவேறின. 2023 டிசம்பரில் 1,121 கியூபிட் கொண்ட ‘கொண்டோர்’ வெளிவந்தது. அதற்காக ஒரே குளிரூட்டிக்குள் ஒரு மைலுக்கு மேல் வயர் சென்றது. ஆனால் அதே நாளில் வெறும் 133 கியூபிட் கொண்ட ‘ஹெரோன்’ சில்லையும் அறிவித்தார்கள். புதிய இயந்திரத்தில் மூன்று ஹெரோன்களைத்தான் பொருத்தினார்கள். காரணம், அது முந்தியவற்றைவிட வெகு குறைவாகப் பிழைவிட்டது. கொண்டோரோ செயல்திறனில் 433 கியூபிட் சில்லின் மட்டத்திலேயே நின்றது.

கொண்டோர் வீண் அல்ல. ஒரே சில்லில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது காட்டியது. இருந்தாலும், தலைப்புச் செய்தி தந்த எண்ணை மறுநாளே பின்தள்ளுவது சுலபமான தீர்மானம் அல்ல. 2025இல் நாலாயிரத்துக்கு மேல் என்று 2022இல் சொன்ன இலக்கும் பிறகு மாறியது. முதலீட்டாளர் இதைப் பின்வாங்கல் என்று பார்ப்பார். எனக்கு அது நல்ல முகாமைத்துவமாகவே தெரிகிறது.

மறுபக்கம் மைக்ரோசொப்ட். ‘மயோரானா’ எனும் விசித்திரமான துகள்நிலையை நம்பி வேறொரு பாதையில் அது இறங்கியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் அதன் ஆதரவுடன் இயங்கிய குழு, அதற்கான வலுவான சான்று கிடைத்ததாக 2018இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதியது. ஒரு காலத்தில் அதே ஆய்வுகூடத்தில் இருந்த இரு பௌதிகவியலாளர்கள் மூலத் தரவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கட்டுரையில் காட்டப்படாத தரவுகள் வேறு கதை சொல்லின. 2021 மார்ச்சில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. வேண்டுமென்று ஏமாற்றவில்லை, உற்சாகத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்றது அதை ஆராய்ந்த நிபுணர் குழு.

மேலிடம் நல்ல செய்திக்காகக் காத்திருக்கும்போது, “சேர், இது சரிவரவில்லை” என்று சொல்ல எந்த இளம் ஆய்வாளருக்கு மனம் வரும்? அந்த வாக்கியத்தைச் சொன்னவரின் வேலை பறிபோகாது என்ற உறுதியைத் தருவதும் முகாமையாளரின் பொறுப்புத்தான். டெல்ஃப்டில் அந்தக் கேள்வி வெளியிலிருந்து வந்தது, அதுவும் பிரசுரத்துக்குப் பிறகு.

2025 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் ‘மயோரானா 1’ சில்லை அறிவித்தபோது, கூடவே வந்த ஆய்வுக் கட்டுரையையும் ‘நேச்சர்’ தான் வெளியிட்டது. இம்முறை, இந்த முடிவுகள் மயோரானா இருப்பதற்கான சான்றாகாது என்று அதன் ஆசிரியர் குழு முன்கூட்டியே குறிப்பு எழுதி வைத்தது.