பென்ஸ் ஏன் அழுகிறது?

"செல்போனை டேபிள் மேல வச்சுட்டு வா சார்" என்றார் மெக்கானிக் பாய். என் சட்டைப் பையில் சிகரெட், தீப்பெட்டி ஏதும் துருத்துகிறதா என்று ஒரு நோட்டம் விட்டபிறகுதான் ரேம்ப்புக்கு அடியில் நிற்கவே அனுமதி. தலைக்கு மேலே 1987 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்இ! ரோட்டில் வந்தால் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிற வண்டி. அதன் அடிவயிற்றை அண்ணாந்து பார்க்கும்போது, நாடகக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நுழைந்து ராஜா வேஷக்காரர் பீடி குடிப்பதைப் பார்த்துவிட்ட சின்னப் பையன் மாதிரி எனக்கு ஒரே குறுகுறுப்பு.

ராஜாவுக்கு என்ன வியாதி? காலையில் சமர்த்தாக ஓடும். மத்தியான வெயிலில் கிண்டிப் பக்கம் பத்து நிமிஷம் ஊர்ந்தால் திணறி, இருமி, நடுரோட்டில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஓனர் அதற்குள் ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று மாற்றிக் காசைக் கரைத்திருந்தார்.

பாய் எதையும் கழற்றவில்லை. வண்டியைக் கீழே இறக்கச் சொல்லி, ஃப்யூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, அந்த ஓட்டைகளில் ஒரு துண்டு ஒயரைச் சொருகினார். வலது பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "கேளு சார்." ஞீ... என்று கொசு மைக் பிடித்த மாதிரி ஒரு சத்தம். "நல்ல பம்ப்புன்னா தம்புரா மாதிரி இருக்கும். இது அழுவுது."

காதை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்கிறவர் இல்லை அவர். டேங்க்குக்குத் திரும்புகிற பெட்ரோல் குழாயைக் கழற்றி, அளவு போட்ட கேனில் விட்டார். 40 விநாடியில் ஒரு லிட்டர் விழவேண்டும் என்பது கணக்கு. நான் வாட்ச் பார்த்தேன், பாயிடம் வேலை பார்க்கும் தம்பி கேனைப் பிடித்தான். 40 விநாடி ஆயிற்று; கேனில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தீர்ப்பு வந்தாச்சு!

இந்த பென்ஸில் பம்ப் டேங்க்குக்குள் இல்லை; வெளியே, பின் ஆக்ஸில் பக்கம், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஃபில்டரோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. ஒரு கைக்குள் அடங்குகிற அலுமினிய உருளை. ஆனால் அதன் வேலையைக் கேளுங்கள். நம் கார் டயரில் 30 பிஎஸ்ஐ சொச்சம் காற்று அடிக்கிறோம் இல்லையா? இது பெட்ரோலை 78 பிஎஸ்ஐ வாக்கில் தள்ளுகிறது, அதாவது சுமார் 5.4 பார். அந்த அழுத்தம் குறைந்தால் ஆறு சிலிண்டர் எஞ்சின் வெறும் அலங்காரப் பொருள்.

பாய் அலமாரியில் ஒரு பழைய பம்ப்பைக் குறுக்கே அறுத்து வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். உள்ளே ஒரு வட்டத் தட்டு, மையத்திலிருந்து கொஞ்சம் விலகி. அதன் விளிம்புப் பள்ளங்களில் குட்டிக் குட்டி உருளைகள். தட்டு சுழலும்போது உருளைகள் வெளியே ஒதுங்கிச் சுவரோடு உரசி, பெட்ரோலை வாரி வாரித் தள்ளும். அடுத்ததுதான் ஆச்சரியம்: அந்தப் பெட்ரோல் மோட்டாரின் காயிலையும் கார்பன் பிரஷ்ஷையும் நனைத்துக்கொண்டுதான் வெளியே போகிறது! பொறி பறக்கிற இடத்தில் பெட்ரோலா? எனக்கு வயிறு கலங்கியது. "உள்ளே காத்து இல்ல சார். காத்து இல்லாம நெருப்பு எப்படிப் பிடிக்கும்?" என்றார் பாய். அந்தப் பெட்ரோல்தான் மோட்டாருக்குக் குளியலும் கூட.

பேட்டரி ஒயர் கழன்றது. பெட்ரோல் மூடி திறந்து பிரஷர் இறங்கியது. டேங்க் பின்சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால், வருகிற ஹோஸை இடுக்கி போட்டு நெரித்தார்கள். அப்படியும் மிச்சம் மீதி தம்பியின் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஐயோ, அந்த நெளிசல்! ஹோஸ் தொட்டால் பிசுபிசுத்தது. 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது என்று அதையும் மாற்றச் சொல்லிவிட்டார் பாய். ஓனர் முகத்தை நான் பார்க்கவில்லை.

புது பம்ப்பில் ஒயர் மாட்டும் இரண்டு திருகில் ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. ப்ளஸ், மைனஸ் மாறிப்போகாமலிருக்க ஜெர்மன்காரன் செய்த தந்திரம். பழைய பம்ப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தம்பி குப்பையில் போடப் போக, பாய் ஒரு சத்தம் போட்டார். அது இல்லாமல் கிளாம்ப்பில் நேராக மாட்டினால் உலோகமும் உலோகமும் ஒட்டி அரித்துவிடுமாம். கடைசியாகப் புதுத் தாமிர வாஷர்கள், புது ஃபில்டர்.

சாவியைத் திருப்பினார். ஒரு விநாடி 'ம்ம்ம்', பிறகு மௌனம். நான் பதறினேன். எஞ்சின் சுழன்றால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும், விபத்தில் பெட்ரோலைக் கொட்டாமலிருக்க அந்த ஏற்பாடு என்றார். இரண்டு தரம் அப்படிச் செய்து லைனை நிரப்பிவிட்டு, மூன்றாவது தரம் முழுச் சாவி. பிடித்துக்கொண்டது! பாய் திரும்பவும் பின்சக்கரத்தின் பக்கம் காதை வைத்தார். தம்புராதான்.

பில்லோடு ஓனருக்கு ஒரு கண்டிப்பும் கிடைத்தது, உங்களுக்கும் ஆகும்: முந்நூறு ரூபாய்க்குப் போட்டு முள் சிவப்பில் நிற்கிற வரை ஓட்டாதீர்கள். பம்ப்புக்கு அந்தக் குளியல் குறையாமலிருக்க, டேங்க்கில் கால்வாசியாவது இருக்கட்டும்.