கறுப்பு வெள்ளைக்குள் ஒளிந்திருந்த நிறம்

1947இல், நடு பிரான்சின் செயிந்த் செவேர் என்ற சிற்றூரில் ஒரே காட்சியை இரண்டு கேமராக்கள் படம்பிடித்தன. ஒன்றில் வழக்கமான கறுப்பு வெள்ளைச் சுருள். மற்றதில் 'தாம்சன்கலர்' என்னும் புதிய வண்ணச் சுருள். படம் 'ழூர் தெ ஃபெத்', அதாவது திருவிழா நாள். கதாநாயகனான தபால்காரராக நடித்து இயக்கியவர் ழாக் தாத்தி. அவருக்கு அதுதான் முதல் முழுநீளப் படம்.

இளமையில் ரக்பி ஆடியவர் தாத்தி. பிறகு பாரிசின் மியூசிக் ஹால் மேடைகளில் பேசாமலே டென்னிஸ் வீரராகவும் கோல்கீப்பராகவும் மாறிக் காட்டினார். குதிரையும் அவரே, அதன் மேல் அமர்ந்திருப்பவரும் அவரே. எழுத்தாளர் கொலெத் 1936இல் அதை வியந்து எழுதியிருக்கிறார். கூடவே படங்களில் சிறு வேடங்கள், சில குறும்படங்கள்.

தாம்சன்கலர் ஒரு விசித்திரம். வண்ணச் சுருள் என்றாலும் அதில் துளிச் சாயம் கிடையாது. பூசப்பட்டிருந்தது சாதாரண கறுப்பு வெள்ளை ரசாயனம்தான். வித்தை சுருளின் முதுகில் இருந்தது. அங்கே மில்லிமீட்டருக்கு இருபதுக்கும் மேலாக நுண்ணிய வரப்புகள் அழுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரப்பும் ஒரு குட்டி லென்ஸ். கேமரா லென்சின் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள் கொண்ட வடிகட்டி. சிவப்பு ஒளி சிவப்புப் பட்டை வழியாக மட்டுமே நுழைய முடியும். அதனால் அது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்து சேரும். வரப்பு அதைத் தன் பின்னால் ஒரு குறிப்பிட்ட கீற்றில் குவிக்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் பக்கத்துக் கீற்றுகள். ஆக, நிறம் இங்கே நிறமாகப் பதிவதில்லை, இடமாகப் பதிகிறது. திரையிடும்போது ஒளியை அதே வழியில் திருப்பி, அதே வடிகட்டி வழியே அனுப்பினால் நிறங்கள் மீண்டு வரும்.

சிக்கல் பிரதி எடுப்பதில். தலைமுடியைவிட மெல்லிய கீற்றுகள் இம்மி நகர்ந்தாலும் சிவப்பு பச்சையோடு கலந்துவிடும். திரையரங்குகளுக்கான வண்ணப் பிரதிகளை எடுக்கவே முடியவில்லை. 1949இல் வெளியானது துணைக் கேமராவின் கறுப்பு வெள்ளைப் படம்.

இதில் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தாத்தி ஊரின் கதவுகளுக்கு மங்கிய வண்ணம் பூசச் செய்து, மக்களுக்கும் மங்கலான உடைகளையே அணிவித்திருந்தார். திருவிழா வண்டிகள் வரும்போதுதான் ஊருக்குள் நிறமும் வரவேண்டும் என்பது திட்டம். கறுப்பு வெள்ளையில் அந்த யோசனையே மறைந்துபோனது. 1964இல் தாத்தி ஓர் ஓவியர் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்து, படத்தில் ஆங்காங்கே நிறம் தீட்டி மறுபடி வெளியிட்டார். பாவம், அது ஒட்டுவேலைதான்.

1982இல் தாத்தி இறந்தார். அவருடைய மகளும் படத்தொகுப்பாளருமான சோஃபி தாத்திஷெஃப், ஒளிப்பதிவாளர் ஃபிரான்சுவா எதே இருவரும் பழைய சுருளிலிருந்து நிறங்களைப் பிரித்தெடுத்து, 1995இல் வண்ணப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். சாயமே இல்லாததால் வெளுத்துப்போவதற்கும் எதுவும் இருக்கவில்லை!

வெளிறிய அந்த நிறங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் தாத்தியை இயக்குநராக நிலைநிறுத்தியது துணைக் கேமராதான். அது இல்லாதிருந்தால் முதல் படமே வெளிவந்திருக்காது. ஆஸ்கர் வென்ற 'மோன் ஓன்க்ள்' (1958) எங்கிருந்து வரும்? இத்தனை முன்ஜாக்கிரதையான மனிதர், 1967இல் வெளியான 'பிளேடைம்' படத்துக்காக ஒரு நவீன நகரத்தையே செட் போட்டார். படம் ஓடவில்லை. கடனில் மூழ்கி, தன் படங்களின் உரிமையையே இழந்தார்.